எஞ்சினுக்கு அடியில் ஒரு சொல்

கார் எஞ்சினின் மேல் போல்ட்டைக் காலையிலேயே கழற்றிவிட்டான் சிறில். அதில் அவனுக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. கழற்றும்போது ஸ்பெனர் வழுக்கி விரல் முட்டி உரிந்து போனது. உரிந்த இடம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. போல்ட்டை மற்றவற்றோடு பால்மா டின்னுக்குள் போட்டதும், அது டங்கென்று விழுந்ததும் நன்றாக நினைவிருந்தது. பகல் சோற்றைத் தின்றுவிட்டு வந்து பார்த்தால், அதே போல்ட் அதே இடத்தில், இறுக முடுக்கப்பட்டு உட்கார்ந்திருந்தது.

"நிலாம், இது என்னா வெளாட்டு?"

நிலாம் சந்தியில் டயர் ஒட்டும் கடை வைத்திருப்பவன். எஞ்சினைத் தூக்கி இறக்குகிற செயின் புளொக் அவனுடையது. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வேலை குறைவு என்று உதவிக்கு வந்திருந்தான்.

"என்னா அண்ணே?"

"இந்த போல்ட்ட திருப்பி முடுக்குனது யாரு?"

"நான் ஒங்களோடதானே உள்ளுக்கு இருந்து சோறு தின்டேன். எந்த நேரம் முடுக்குற?"

அதுவும் உண்மைதான். இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். சிறில் டின்னைக் கவிழ்த்துப் பார்த்தான். அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் இருந்தன. எரிச்சல் தலைக்கேறியது. கழற்றாததைக் கழற்றியதாக நினைத்துக்கொண்டேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, உரிந்த விரலாலேயே மறுபடி கழற்றினான். அந்த இடத்தில் கை நுழையாது. நுழைந்தால் திரும்பாது. காரை வடிவமைத்தவனுக்குக் கையே இருந்திருக்காது என்று வாய்விட்டுத் திட்டினான்.

அது பழைய மொரிஸ் மைனர். தேயிலையும் றப்பரும் நட்ட இந்தத் தோட்டத்திலிருந்து கலவான டவுனுக்குப் போகிற வழியில் ஒரே ஏற்றம் இறக்கம். போன கிழமை கிளச் வழுக்கிப் பாதி ஏற்றத்தில் கார் நின்று, பின்னால் உருளத் தொடங்கியது. டவுன் கராஜில் எஞ்சினையும் கியர்பொக்ஸையும் சேர்த்து இறக்க வேண்டும், விட்டுவிட்டுப் போங்கள், மெதுவாகப் பார்க்கலாம் என்றார்கள். மெதுவாகப் பார்க்க சிறிலிடம் நேரமில்லை. அவன் தோட்டத்து லொறி டிரைவர். கொஞ்சம் வேலையும் தெரியும். கியர்பொக்ஸை இருக்கிற இடத்திலேயே விட்டுவிடலாம். அதற்கு அடியில் ஜெக்கைக் கொடுத்து, இரண்டையும் பிணைக்கிற போல்ட்டுகளைக் கழற்றி, எஞ்சினை மட்டும் செயினில் தொங்கவிட்டு முன்னால் இழுத்தால், கியர்பொக்ஸின் தண்டு கிளச்சிலிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். பிறகு கிளச் பிளேட்டை மாற்றுவது பெரிய வேலையில்லை. சொல்வதற்கு எல்லாமே எளிதுதான்.

உள்ளே அவன் மனைவி ரோஷானி படுத்திருந்தாள். பிள்ளை பிறக்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது என்று மருத்துவிச்சி நோனா சொல்லியிருந்தாள். போன முறை வலி வந்தபோது சிறிலுக்கு லீவு; லொறியை வேறு டிரைவர் தேயிலைக் கொழுந்து ஏற்றிக்கொண்டு பக்டரிக்குக் கொண்டுபோயிருந்தான். அவளைக் கதிரையில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினார்கள். பிள்ளை வழியிலேயே பிறந்தது. அழவேயில்லை. அந்தப் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த அன்றே, அடுத்ததற்குக் கார் இருக்கும் என்று சிறில் மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டான். ரோஷானியிடம் அதைச் சொல்லவும் செய்தான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதனால்தான் கொடகவெலயில் ஒரு விதவை இந்தக் காரை விற்கிறாள் என்றதும் ஓடினான். அவள் புருஷன் இந்தக் காருக்கு அடியிலேயே செத்தவர் என்பது சிறிலுக்குத் தெரியும். அவளே சொன்னாள். அதை அவன் வேறு ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் ரோஷானி இந்தக் காரில் கால் வைக்கமாட்டாள், நிலாமும் செயின் புளொக்கைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான்.

பின்னேரம் மழை பிடித்தது. மே மாதத்து மழை, பிடித்தால் விடாது. கார் நின்ற கொட்டிலின் தகரக் கூரையில் கல்லைக் கொட்டுவதுபோல் இரைந்தது. றப்பர் மரங்களுக்குள்ளிருந்து இருட்டு முன்கூட்டியே இறங்கி வந்தது, கரண்டும் போனது. நனைந்த மண், பழைய எண்ணெய், றப்பர் பால் புளித்த நாற்றம் எல்லாம் ஒன்றாகக் கலந்து கொட்டிலுக்குள் அடைந்து கிடந்தன. அவற்றுக்கு நடுவே வேறு ஒரு வாடையும் வந்தது. வெற்றிலை. சுண்ணாம்பும் புகையிலையும் சேர்த்துக் குதப்பிய வெற்றிலை. சிறில் வெற்றிலை போடுவதில்லை. நிலாமும் போடுவதில்லை.

"நீ வெத்தில போட்டியா?"

"என் பல்லப் பாருங்க," என்று நிலாம் இளித்துக் காட்டிவிட்டுச் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் நுழைந்தான்.

கூரைக்குக் குறுக்கே போட்டிருந்த தண்டவாளத் துண்டில் செயின் புளொக் தொங்கியது. எஞ்சினின் தாங்கிகளைக் கழற்றியாயிற்று; அதன் முழுப் பாரமும் இப்போது செயினில்தான். ஆனால் தண்டு வரவில்லை. சிறில் முன்னால் நின்று இழுத்தான், ஆட்டினான், மரக்கட்டையால் தட்டினான், காலை பம்பரில் ஊன்றிக்கொண்டு மறுபடி இழுத்தான். நூல் அளவு இடைவெளி விட்டது. கையை எடுத்ததும் திரும்ப ஒட்டிக்கொண்டது. உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. எஞ்சின் சற்று உயரமாக நிற்கிறது, அதுதான் தண்டைக் கவ்வுகிறது, கொஞ்சம் இறக்கினால் நேராகும் என்று கணக்குப் போட்டான்.

"நிலாம், மெதுவா எறக்குறேன். நேரானதும் சொல்லு."

செயினைப் பிடித்து இறக்கினான். கிறு கிறு என்று பல் பல்லாகச் செயின் இறங்கியது. அடியிலிருந்து மழையையும் மீறிக் குரல் வந்தது.

"இன்ன…"

இன்னும் வேண்டுமாம். இறக்கினான்.

"இன்ன… இன்ன…"

சொல்லின் கடைசியை மழை தின்றுவிட்டது. சரி, இன்னும் கொஞ்சம். இறக்கினான். அவனுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. எவ்வளவுதான் இறக்குவது? குனிந்து பார்த்தால் எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி சாக்கிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு வந்துவிட்டது. இந்த இடைவெளியில் ஆள் எப்படிப் படுத்திருப்பான்?

"டேய், போதுமா இல்லையா?"

"என்னா அண்ணே போதுமா?"

குரல் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. குசினி வாசலில் நிலாம், தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு, இரண்டு கையிலும் பிளேன்டீயோடு நின்றான்.

"அக்கா தேத்தண்ணி ஊத்திட்டேன்டு கூப்பிட்டாங்க. ஒங்கட்ட சொல்லிட்டுத்தானே போனேன். கேக்கலயா?"

சிறில் முழங்காலிட்டு டோர்ச்சை அடித்தான். யாருமில்லை. சாக்கு மட்டும் கிடந்தது. நடுவில் அமுங்கி, தலை வைக்கிற இடத்தில் குழிந்து கிடந்தது. ஓரத்தில் சிவப்பாக ஒரு துப்பல். தொட்டுப் பார்த்தான். ஈரம். சூடு.

அப்போதுதான் அந்த விதவை சொன்னது முழுவதும் ஒவ்வொரு சொல்லாக ஞாபகத்துக்கு வந்தது. அவள் புருஷனும் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். கியர்பொக்ஸை விட்டுவிட்டு எஞ்சினை மட்டும் எடுக்கிற வேலை. அவர் அடியில் படுத்திருந்தார். மேலே செயினைப் பிடித்தவன் ஹட்டன் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்த தமிழ் ஆள். சிங்களம் ஒரு சொல் தெரியாது. எஞ்சின் நெஞ்சுக்கு வந்ததும் அவர் "இன்ன, இன்ன" என்று கத்தியிருக்கிறார். சிங்களத்தில் இன்ன என்றால் இரு, பொறு. அந்த மனிதன் அதை இன்னும் என்று விளங்கிக்கொண்டான். இன்னும் இறக்கினான்.

சிங்களம் தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று சிறிலுக்கு எப்போதும் ஒரு பெருமை. அவனும் அதே சொல்லைக் கேட்டான். அதே போலத்தான் இறக்கினான்.

பயமாக இருந்தது. அதைவிட ஆத்திரமாக இருந்தது. பாதி கழன்ற காரை இப்படியே விட முடியுமா? மூடிக் கட்டிவிட்டு யாரிடம் போவது? நாளை கொழுந்து நாள். லொறியை யாரும் தரமாட்டார்கள். மழை இப்படியே போனால் ரோட்டில் மண் சரியும். செத்தவனுக்கு என் பிள்ளையோடு என்ன கோபம்?

"நான் மறுபடி அடியில போறேன் அண்ணே," என்றான் நிலாம், தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு.

"வேணாம்!" சிறிலின் சத்தத்தில் அவன் திடுக்கிட்டான். "நீ செயினப் புடி. நான் போறேன்."

தெரிந்துகொண்டே இன்னொருவனை அடியில் அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்லவும் மனம் வரவில்லை. சொன்னால் நிலாம் இந்த நிமிஷமே போய்விடுவான். எஞ்சின் இங்கேயே தொங்கும்.

"இந்த மழையில பேசுனா ஒன்னும் வெளங்காது," என்றான். "வாயால எதுவும் வேணாம். ஸ்பெனரால தட்டுறேன். ஒரு தட்டு தட்டுனா நிப்பாட்டு. ரெண்டு தட்டு தட்டுனா எறக்கு. வெளங்குச்சா?"

"ஒன்டு நிப்பாட்டு, ரெண்டு எறக்கு. சரி."

நிலாம் எஞ்சினை மறுபடி உயர்த்தினான். சிறில் அந்தச் சாக்கை இழுத்து வெளியே எறிந்துவிட்டு, வெறும் மண்ணில் முதுகைக் கொடுத்து அடியில் போனான். மண் சில்லிட்டது. வலப்பக்கம் காரைத் தாங்கும் றப்பர் மரக்கட்டை, இடப்பக்கம் காலி. முகத்துக்கு மேலே கறுப்பான எண்ணெய்த் தொட்டி லேசாக ஆடியது. எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் நடுவே டோர்ச்சை அடித்தான். இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் இடைவெளி இல்லை. மேலே, மேல் போல்ட்டின் முனை தெரிந்தது.

முடுக்கப்பட்டிருந்தது.

கெட்ட வார்த்தை ஒன்று வாயில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, அந்தோனியாரை நினைத்துக்கொண்டு, கையைச் செருகினான். இந்த முறை போல்ட் இலேசாகக் கழன்றது. விரலாலேயே திருக முடிந்தது. அது கையில் வந்து விழுந்ததும் எஞ்சின் ஒரு முனகலோடு முன்னால் நகர்ந்தது. தண்டு மினுங்கிக்கொண்டு வெளியே வந்தது. நாள் முழுக்க வராதது வந்துவிட்டது. சிறிலுக்கு அழுகையே வரும்போல் இருந்தது. இனி ஒரு விரல் அளவு இறக்கினால் போதும், முழுதும் உருவிவிடும்.

இரண்டு தட்டு தட்டினான்.

செயின் கிறு கிறு என்று இறங்கியது.

வெற்றிலை வாடை வந்தது. முகத்துக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"என்னாங்க!"

ரோஷானி. குசினிப் பக்கமிருந்து. அப்படி அவள் கூப்பிட்டு அவன் ஒரேயொரு முறைதான் கேட்டிருக்கிறான்.

"என்னாங்க, வலி வந்துருச்சுங்க! ஓடி வாங்க!"

மழையில் நிலாமுக்கு அது கேட்டிருக்காது. அவன் காருக்கு அந்தப் பக்கம், செயினைப் பார்த்தபடி. எஞ்சின் இறங்கிக்கொண்டிருந்தது. நிறுத்த வேண்டும். முதலில் நிறுத்த வேண்டும். சிறில் ஸ்பெனரால் ஒரு தட்டு தட்டினான்.

டங்.

காதோரமாக இன்னொரு தட்டு.

டங்.

செயின் வேகமாக இறங்கியது.

இல்லை. இல்லை. மறுபடி ஒரு தட்டு. உடனே இன்னொன்று. அவன் தட்டாதது.

எண்ணெய்த் தொட்டி சட்டையைத் தொட்டது. வலப்பக்கம் கட்டை. இடப்பக்கம் நகரப் பார்த்தான். முடியவில்லை. அங்கே ஒரு தோள் இருந்தது. ஈரமான, கனத்த தோள். அதுவும் அவனைப் போலவே மல்லாந்து கிடந்தது. அதன் மூச்சு அவன் கன்னத்தில் பட்டது.

ஸ்பெனர் கையிலிருந்து போனது. யாரோ மெதுவாக வாங்கிக்கொண்டார்கள்.

"என்னாங்க!"

நெஞ்சில் பாரம் இறங்கியது. சட்டைப் பையிலிருந்த பென்சில் முறிந்தது. நிலாம், நிறுத்து. மூச்சை முழுதும் திரட்டிக்கொண்டு வாயைத் திறந்தான். நாக்கெல்லாம் சுண்ணாம்பு காந்தியது. நிறுத்து, நிறுத்து, நிறுத்து. குரல் வந்தது. அவன் குரல்தான்.

"இன்ன! இன்ன! இன்ன!"

மேலே செயின் ஒரு கணம் நின்றது. நிலாம் காதைக் கொடுத்துக் கேட்கிறான். கேட்கட்டும், ஆண்டவரே, சரியாகக் கேட்கட்டும்.

"இன்னுமா அண்ணே?" என்றான் நிலாம். "சரி, சரி, எறக்குறேன்."