வாசல் பாட்டின் விம்மல்

நான் ஸ்டுடியோவுக்குப் போய்ச் சேர்ந்தது காலையில்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே கால் வைத்தால் பகலும் இல்லை, இரவும் இல்லை. ஜன்னலே வைக்காத கட்டடம். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்துத் துணி போர்த்தியிருந்தார்கள். பழைய ஈரமும் எத்தனையோ பேருடைய மூச்சும் அந்தப் பஞ்சுக்குள் ஊறிக் கிடந்தன. நடந்தால் நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்காது.

நான் டிராக் பாடுகிறவள். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெரிய பாடகிக்கு நேரம் கிடைக்கும்வரை வேலை நிற்க முடியாது என்பதால் முதலில் என்னைப் போல ஒருத்தியைப் பாட வைத்துப் பதிவு செய்துகொள்வார்கள். அந்தப் பெரிய பாடகி பிறகு சாவகாசமாக வந்து, என் குரலை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடுவார். எங்கே மூச்சு விடுவது, எங்கே குழைவது என்று எல்லாமே நான் போட்டுக்கொடுத்த கோடு. அவர் பாடி முடித்ததும் என்னை அழித்துவிடுவார்கள். கல்யாணமும் பண்ணிக்கொள்ளாமல் பல வருஷமாக இப்படி அழிபட்டுக்கொண்டு இருக்கிறேன்.

என் குரலைத் தெரிந்த ஒரே ஆள் என் அக்கா. தையல் கடை வைத்திருக்கிறாள். மெஷின் சத்தத்துக்கு நடுவே வானொலியில் ஏதோ பாட்டு ஓடும். கும்பலோடு கும்பலாக நான் பாடிய கோரஸில்கூட என்னைப் பிடித்துவிடுவாள். உடனே போன் வரும். "அடியே, புல்லாங்குழலுக்கு அப்புறம் 'ஆ'ன்னு இழுக்கறது நீதானே?" என்பாள். ஒரு நாளாவது ஒரு முழுப் பாட்டில் என்னைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எனக்கும் அதே ஆசைதான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்வதில்லை.

அன்றைக்குப் பாட வேண்டியது 'வாசல் வரை வந்து போ'. வாசல் பாட்டு என்றால் எல்லாருக்கும் தெரியும். முதலில் பாடியவரை ராணியம்மா என்பார்கள். பிறகு கிட்டார் வைத்திருந்த நாலு பையன்கள் அதை வேகமாக்கிப் பாடினார்கள். அப்புறம் ஒரு பிஸ்கட் விளம்பரத்தில் வந்தது. அப்புறம் ஒருவர் பியானோவை மட்டும் வைத்து இழுத்து இழுத்துப் பாடி, காதலில் தோற்றவர்களைத் தூங்கவிடாமல் பண்ணினார். உடற்பயிற்சிக் கூடத்தில் குதிப்பதற்கென்றுகூட ஒரு வடிவம் வந்தது. தாளத்தை மாற்றினார்கள், வரிகளை வெட்டினார்கள். ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை. கடைசியில் 'போ' என்று சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன விம்மல் வரும். அழுகையை விழுங்கும்போது நெஞ்சு தூக்கிப் போடுமே, அந்தச் சத்தம். அதற்காகவே பாட்டு ஓடியது. பியானோக்காரர் ஆண்பிள்ளை, அவர் பாட்டிலும் அது அச்சு அசல் பெண் குரலில் வரும். என்ன திறமை என்று ஊரே வாய் பிளந்தது.

பாடியவர்கள்தான் நிலைக்கவில்லை. ராணியம்மா சீக்கிரமே மேடையை விட்டுவிட்டார். கிட்டார் பையன்களில் பாடினவன் இப்போது பாத்திரக் கடை வைத்திருக்கிறான். விலை கேட்டால் விரலைக் காட்டுவான், வாயைத் திறக்க மாட்டான். காசும் பேரும் வந்ததும் திமிர் ஏறிவிட்டது என்று நான் வயிற்றெரிச்சலோடு நினைத்துக்கொள்வேன்.

இப்போது அதை மறுபடியும் எடுக்கிற இளம் இசையமைப்பாளர் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், பாட வேண்டியவங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சாம், வரல. நீங்க நல்லா பாடிட்டா உங்க குரலையே வெச்சுடறேன். பேரும் உங்க பேர்தான்."

"நிஜமாவா தம்பி?"

"நிஜமாத்தான். அந்த விம்மல் மட்டும் கரெக்டா வரணும். அதான் பாட்டே. நான் ஒரு வேலையா போயிட்டு வந்து கேக்கறேன்."

அக்காவுக்கு உடனே சொல்லத் துடித்தேன். முதலில் பாடிவிடுவோம் என்று அடக்கிக்கொண்டேன்.

ஒலிப்பதிவு செய்கிறவரை எல்லாரும் ஃபேடர் அண்ணன் என்போம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற அந்த ஃபேடர் குமிழ்களை விட்டு அவர் விரல் நகராது. அந்த ஸ்டுடியோவிலேயே நரைத்தவர். நான்தான் பாடப்போகிறேன் என்றதும் அவர் முகம் சுருங்கியது.

"டிராக் மட்டும்னுதானேம்மா சொன்னாங்க."

"ஏண்ணே, நான் பாடினா ஆகாதா?"

அவர் முதலில் பேசும் மைக்கை அணைத்தார். அறையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை. ஆனாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த விம்மல் ராணியம்மாவோடது இல்ல. டிராக் பாடின ஒரு அம்மாவோடது. 'உன் குரலையே வெச்சுக்கறோம்'னு அவங்களுக்கும் சொன்னாங்க. பாடிட்டு இருக்கும்போதே, இல்ல, ராணியம்மாதான்னு முடிவாயிடுச்சு. அந்த இடத்துல விம்மிட்டாங்க. மறுநாள் ராணியம்மா ஹெட்போன்ல சத்தத்தை ஏத்தி வெச்சுப் பாடினாங்க. அது வெளிய கசிஞ்சு மைக்குல விழுந்துடுச்சு. நல்லாருக்குன்னு விட்டுட்டாங்க. டிராக்கை அழிச்சாச்சு. அவங்க குரல்னு மிஞ்சினது அது ஒண்ணுதான்."

"அந்த அம்மா இப்ப?"

"இல்ல. அப்பவே இல்ல." மேலே கேட்காதே என்பதுபோலத் திரும்பிக்கொண்டார். "முடியாதுன்னு சொல்லிட்டுப் போயிடும்மா."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வாழ்க்கையில் ஒரு தடவை கதவு திறக்கிறது, இவர் பேய்க் கதை சொல்கிறார். "நான் போறேண்ணே, உள்ளே" என்று சொல்லிவிட்டு வாய்ஸ் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

விளக்கை அணைத்துவிட்டுப் பாடுவது என் வழக்கம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணனின் தலை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. ஹெட்போனை எடுத்து மாட்டினேன்.

அதன் பஞ்சு சூடாக இருந்தது.

இப்போதுதான் யாரோ கழற்றி வைத்த மாதிரிச் சூடு. தலைக்கு எண்ணெய் வைத்த வாசமும் கண்ணீர் உலர்ந்த உப்பு வாசமும் சேர்ந்து அடித்தன. அன்றைக்கு முதலில் வந்தவளே நான்தான்.

இசை தொடங்கியது. நான் வாய் திறப்பதற்கு முன்னால் காதுக்குள் ஒருத்தி மூச்சை உள்ளே இழுத்தாள்.

பாடினாள்.

என்ன குரல் அது! பொறாமைப்படக்கூட முடியவில்லை. எனக்குக் கோடு போட்டுக்கொடுத்தாள். அவள் குழைந்த இடத்தில் நானும் குழைந்தேன், அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தினேன். பாட்டு நடுவில் கண்ணாடியைப் பார்த்துக் கையை ஆட்டினேன். இசை நின்றது.

"அண்ணே, எனக்கு வழிகாட்ட யார் பாடின கைடு இது? நல்லாருக்கு. கொஞ்சம் சத்தம் குறைங்க."

அண்ணன் குமிழ்களை ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கைடே போடலம்மா. நீதானே கைடு."

கழற்றி வைத்துவிட்டு ஓடியிருக்க வேண்டும். என் பேர் போட்ட பாட்டு கண் முன்னால் நின்றது. அக்கா மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பது தெரிந்தது.

"போடுங்கண்ணே" என்றேன்.

கடைசி வரி வந்தது. 'போ'வுக்கு முன்னால் நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். வேண்டுமென்றேதான் மூடினேன்.

விம்மல் வந்தது.

காதுக்குள் இல்லை. என் பிடரிக்குப் பின்னால், முடி அசைகிற தூரத்தில்.

விளக்கைப் போட்டேன். நான் மட்டும்தான் நின்றிருந்தேன்.

வெளியே வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதிவானதை ஓடவிட்டார். அந்த அழகான குரல் அறையை நிறைத்தது. அதில் என்னைத் தேடினேன். அண்ணன் என் குரலுக்கான ஃபேடரை மெல்லக் கீழே இறக்கினார், அடிமட்டம் வரைக்கும்.

பாட்டு நிற்கவில்லை.

இசையை இறக்கினார். எல்லாவற்றையும் இறக்கினார். ஒலியைக் கோடாகக் காட்டும் திரையில் ஒரு அசைவும் இல்லை. அவள் மட்டும் தனியாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

"அழிச்சிடலாம்மா" என்றார்.

அதற்குள் கதவைத் திறந்துகொண்டு இசையமைப்பாளர் வந்துவிட்டார். கடைசி வரியைக் கேட்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "மேடம், எங்க இருந்தீங்க இவ்வளவு நாளா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால் பேர் போய்விடும். சிரித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு தொண்டை கரகரவென்றே இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி, "குரல் என்னமோ மாதிரி இருக்கே" என்றாள். சளி என்றேன். பாட்டு வெளியானது. என் பேரைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அதைத் தடவித் தடவிப் பார்த்துவிட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். நான் பேசுவதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"அடியே, காலையிலேர்ந்து கேட்டுட்டே இருக்கேன். பேரெல்லாம் போட்டிருக்கான். ஆனா இதுல நீ எங்கடி இருக்க?"

"முழுசும் நான்தான்கா" என்றேன்.

அந்தப் பக்கம் மெஷின் நின்றது.

"யாரும்மா பேசறது?"

"நான்தான்கா."

"என் தங்கச்சி போன் உங்க கையில எப்படி வந்துச்சு? அவகிட்ட குடுங்க."

"அக்கா, நான்தான். சத்தியமா நான்தான்."

"விளையாடாதீங்கம்மா. என் தங்கச்சி குரல் எனக்குத் தெரியாதா?"

வைத்துவிட்டாள்.

நேரில் போய் நிற்கலாம். முகத்தைப் பார்த்ததும் கட்டிக்கொள்வாள். அப்புறம் வாயைத் திறந்தால் என்ன செய்வாள்? அந்த டிராக் பாடினவளை எப்போதோ அழித்தார்கள். அவள் இப்போது என்னை அழித்துவிட்டாள். தொழில் தெரிந்தவள், ஒரு துளிகூட மிச்சம் வைக்கவில்லை.

வீட்டில் யாரும் இல்லை. வாய்விட்டு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தேன்.

அழுகை வரவில்லை. அந்தச் சின்ன விம்மல் வந்தது, சுருதி சுத்தமாக. அதற்கு அடுத்து வர வேண்டிய 'போ' என்கிற சொல்லை, நான் வாயை மூடிய பிறகு, யாரோ பாடினார்கள்.