பூட்டுப் போட்ட பேட்டரி

இருதயமேரிக்குக் கோபம் வந்தால் யாரோடும் பேசமாட்டாள். மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, தோலோடு கடிப்பாள். அன்று காலை விழுப்புரம் மல்லாட்டைக் கிடங்கின் வாசலில் நின்றபடி ஒரு பிடி மல்லாட்டையைத் தோலோடு கடித்து முடித்திருந்தாள்.

கிடங்கு முற்றத்தில் லாரி நின்றது. மூட்டை ஏற்றியாகிவிட்டது. திண்டிவனத்து எண்ணெய் மில்லுக்குப் போக வேண்டும். ஆனால் வண்டி கிளம்பவில்லை. அதன் டிரைவர் சவுரிராயன்தான் மேரியின் அப்பா. அவர் ஸ்டார்ட்டரை அமுக்கினார். கிழவன் கனைப்பதுபோல ஒரு சத்தம் வந்து அடங்கியது. முன்னால் போய் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

"மறுபடியும் பேட்டரி செத்துப் போச்சா?" என்று கேட்டுக்கொண்டே முதலாளி கோதண்டபாணி வந்தார். "பழசு சரியில்லைன்ன. புதுசு வாங்கிப் போட்டேன். ஒயரை மாத்தினேன். பேட்டரிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டு, சாவிய இடுப்புல வச்சிக்கினு தூங்கறேன். அப்பவும் காலைல காலி. எப்பிட்றா?"

"அதாங்க எனக்கும் புரியல மொதலாளி."

"எனக்குப் புரியுது. திண்டிவனத்துல ராத்தங்கினா வண்டி ஜோரா கிளம்புது. விழுப்புரத்துல தங்கினாதான் செத்துப் போவுது. விழுப்புரத்துல யாரு வீடு இருக்குது? உன் வீடு. டிராமாக்காரனுக்கு விளக்குப் போட என் பேட்டரிய வாடகைக்கு உட்டுக்கினு இருக்க."

"பெட்டிதான் பூட்டிக் கெடக்குதேங்க."

"கள்ளச் சாவி போடறவனுக்குப் பூட்டு ஒரு பெரிசா? திருட்டுப் பய."

மல்லாட்டை சலித்துக்கொண்டிருந்த குப்பம்மாளின் சல்லடை நின்றது. மூட்டை தூக்குகிறவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்பா தரையைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலைல வண்டி கிளம்பலன்னா சாவிய வச்சிட்டுப் போயிடு. ஒலக்கூர்ல ஒரு டிரைவர் சும்மாதான் கெடக்கறான்" என்று சொல்லிவிட்டு முதலாளி உள்ளே போனார்.

ஆட்களெல்லாம் சேர்ந்து லாரியை மேட்டில் ஏற்றி, ரோட்டில் வேகமாகத் தள்ளினார்கள். எஞ்சின் இருமிக்கொண்டே கிளம்பியது. பள்ளிக்கூடம் லீவு. மேரியும் தாவி ஏறிக்கொண்டாள்.

"நீ ஏம்பா ஒண்ணும் சொல்லல?"

"இன்னா சொல்றது? பேட்டரி செத்துப் போனது நெஜந்தான?"

"நீ திருடல. அதுவும் நெஜந்தான?"

"பேசாம ரோட்டைப் பாரு" என்றார் அப்பா. வண்டி ஓட்டியது என்னவோ அவர்தான்.

மேரிக்கு முதலாளியை நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒன்று மட்டும் சரி. விழுப்புரத்தில்தான் பேட்டரி சாகிறது. திண்டிவனத்தில் இல்லாத எது விழுப்புரத்தில் இருக்கிறது? மேரியின் வீடு. முதலாளி அதோடு யோசிப்பதை நிறுத்திவிட்டார். மேரி நிறுத்தவில்லை.

திண்டிவனத்தில் மில் முற்றம் நெல் அடிக்கும் களம்போலச் சமமாக இருந்தது. அப்பா வண்டியை நிறுத்தினார், இறங்கினார், கதவைச் சாத்தினார், டீ குடிக்கப் போனார். மேரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டாள். அங்கே அவ்வளவுதான் நடந்தது.

விழுப்புரம் திரும்பும்போது சாயங்காலம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கிடங்கு முற்றம் ரோட்டிலிருந்து கீழே சரிந்து போகும். அப்பா லாரியைப் பின்னாலேயே இறக்கி நிறுத்தினார். பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து முழ நீளத்தில் ஒரு கட்டையை எடுத்தார். ஒரு முனையைப் பிரேக் மிதியின் மேல் வைத்து, மறு முனையைச் சீட்டுப் பலகைக்கு முட்டுக் கொடுத்துக் கையால் குத்தி இறுக்கினார்.

"இது இன்னாத்துக்குப்பா?"

"கை பிரேக் புடிக்கல. கல்லு வச்சா, மூட்டை ஏத்த ஏத்த வண்டி கல்லைத் தள்ளிக்கினு போவுது. ஒரு தரம் செவுத்துலயே போய் இடிச்சிச்சு. கட்டை குடுத்தா அசையாது."

"திண்டிவனத்துல குடுக்கலியே."

"அங்க எதுக்கு? சமதரை."

மேரி கீழே குதித்தாள். வண்டியைச் சுற்றி நடந்தாள். பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டாள்.

பிரேக்கை மிதித்தால் எரியும் சிவப்பு விளக்கு அங்கே இருந்தது. அது சண்டைக் காலம். எதிரி விமானத்துக்கு அடையாளம் தெரிந்துவிடும் என்று, ராத்திரியில் வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது என்று உத்தரவு. அதனால் அப்பா அந்த விளக்கின் கண்ணாடிக்குத் தார் பூசியிருந்தார். நடுவில் விட்டிருந்த கடுகளவு ஓட்டையும் சேறு அப்பி மூடிவிட்டது.

தூறலில் லாரி முழுவதும் நனைந்திருந்தது. அந்தக் கண்ணாடி மட்டும் காய்ந்து கிடந்தது. மழைத்துளி விழுவதும், கொஞ்ச நேரத்தில் காணாமல் போவதுமாக இருந்தது.

மேரி தொட்டுப் பார்த்தாள். ஜுரக்காரன் நெற்றி மாதிரி சுட்டது. நகத்தால் சேற்றைச் சுரண்டினாள். ஓட்டை வழியாகச் சிவப்பாக வெளிச்சம் வந்தது.

"அப்பா, கட்டைய எடு."

வெளிச்சம் நின்றது.

"திரும்ப வை."

வெளிச்சம் வந்தது.

அப்பா இறங்கி ஓடிவந்து பார்த்தார். அப்படியே படிப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். "கட்டை மிதிய அமுக்கிக்கினு இருக்குது. விளக்கு ராத்திரி பூரா எரியுது. பேட்டரியத் தின்னது நான்தான் மேரி. தப்பு என்னுதுதான்."

மேரிக்குக் காலையில் வந்ததைவிடப் பெரிய கோபம் வந்தது. "கை பிரேக்கைச் சரி பண்ணச் சொல்லி எத்தினி தரம் கேட்ட?"

"கேட்டுக்கினுதான் இருக்கேன். கல்லு வச்சிக்கோன்னாரு."

"அப்ப தப்பு யாருது?"

அப்பா எழுந்துபோய்க் கட்டையை உருவினார். அன்றைக்கு மூட்டை ஏற்றவில்லை. இரண்டு பேரும் பெரிய பெரிய கருங்கல்லாகப் புரட்டி வந்து எல்லாச் சக்கரத்துக்கும் அணை கொடுத்தார்கள்.

மறுநாள் காலை முதலாளி வந்தார். அவருக்குப் பின்னால் ஒலக்கூர் டிரைவரும் துண்டை உதறிக்கொண்டு வந்தார்.

அப்பா ஸ்டார்ட்டரை அமுக்கினார். எஞ்சின் ஒரே அமுக்கில் உறுமியது.

"பாத்தியா" என்றார் முதலாளி. "கொஞ்சம் பயம் காட்டினதும் வாடகைக்கு உடறத நிறுத்திட்டான்."

மேரி கையிலிருந்த மல்லாட்டையைக் கீழே போட்டாள். லாரியில் ஏறினாள். கட்டையைப் பிரேக்குக்கு முட்டுக் கொடுத்தாள்.

"மொதலாளி, வண்டிக்குப் பின்னால வந்து பாருங்க."

"ஏய், மேரி" என்று அப்பா பதறினார்.

"அவரு பாக்கட்டும்பா."

முதலாளி குனிந்து ஓட்டையைப் பார்த்தார். சிவப்பு வெளிச்சம் அவர் மூக்கில் விழுந்தது. மேரி கட்டையை எடுத்தாள். மூக்கு பழைய நிறத்துக்கு வந்தது. மேரி திரும்பக் கட்டையை வைத்தாள்.

"கை பிரேக் புடிக்கலன்னு எங்கப்பா கேட்டுக்கினே இருந்தாரு. நீங்க சரி பண்ணித் தரல. அதுக்குத்தாங்க இந்தக் கட்டை. கட்டை இருக்கற வரைக்கும் விளக்கு எரியும். பூட்டுப் போட்டாலும் எரியும்."

"கை பிரேக் இல்லாத வண்டியா?" என்றார் ஒலக்கூர் டிரைவர். "எனக்கு வாணாங்க. நான் வர்றேன்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே நடந்தார்.

முதலாளி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தார். பேட்டரிப் பெட்டியின் பூட்டைக் கழற்றினார். "சரி, சரி. இன்னிக்கே பிட்டரை வரச் சொல்லி கை பிரேக்கைச் சரி பண்ணித் தர்றேன்" என்று கிளம்பினார்.

"இன்னும் ஒண்ணு இருக்குதுங்க" என்றாள் மேரி.

"இன்னா?"

"நேத்து திருட்டுப் பயன்னு சொன்னீங்க. எல்லாரும் இருக்கறப்ப சொன்னீங்க."

முதலாளி டயரைப் பார்த்தார். "சவுரிராயன் எடுக்கல" என்று டயரிடம் சொன்னார்.

"எங்களுக்குக் காதுல விழலீங்களே" என்றாள் சல்லடையோடு நின்ற குப்பம்மாள்.

முதலாளி நிமிர்ந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "சவுரிராயன் திருடல. நான் சொன்னதுதான் தப்பு."

இந்தத் தடவை முற்றம் முழுக்கக் கேட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குப்பம்மாளின் சல்லடை மறுபடி ஆடத் தொடங்கியது. அப்பா தலையை நிமிர்த்தி, வண்டிச் சாவியை விரலில் மாட்டி ஒரு சுற்றுச் சுற்றினார்.

மேரி மடியிலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்தாள். தோலை உரித்துவிட்டுத் தின்றாள்.