சிவந்து விலகும் வீடு

மேஜையைச் சுற்றி நான்கு இருக்கைகள். தறிக்குடோன் சுவருக்கு முதுகைக் கொடுத்துத் தம்பிதுரை. நேர் எதிரே மகள் லோகப்பிரியா, எழாமலே அவள் தட்டிலிருந்து அப்பளத்தைப் பறித்துவிடுகிற தூரத்தில். சன்னலோரம் மனைவி புவனாவின் தம்பி மோகன்குமார், கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் இயற்பியல் நடத்துகிறவன். சமையலறை வாசலை ஒட்டிய நாற்காலி புவனாவுடையது. அவள் அதில் உட்காராமல் அடுப்படிக்கும் வாசலுக்குமாகத் தோசையோடு நடந்துகொண்டிருந்தாள்.

தம்பிதுரை சட்னிக் கிண்ணத்துக்குக் கை நீட்டினார். எட்டவில்லை. தினமும் அதே இடத்தில் இருக்கும் கிண்ணம். உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து எடுத்துக்கொண்டார்.

சூலூரில் பொழுது இறங்கியிருந்தது. சுவருக்கு அப்பால் தறிகள் அடிக்கும் அடியில் தட்டும் டம்ளரும் வழக்கம்போல மெல்ல அதிர்ந்தன. பஞ்சுத்தூசியும் எண்ணெயும் கலந்த வாடை, அதன்மேல் தோசைக்கல்லின் நெய் மணம். சட்டைப்பையில் மகளுக்கு எழுதிய கடிதம் நெஞ்சை உரசியது.

தூரதேசத்து மலை ஒன்றில், வானத்தைப் பார்க்கும் கூடத்தில் லோகப்பிரியாவுக்கு ஆராய்ச்சி இடம் கிடைத்திருந்தது. அப்பா வாயால் சொன்னால்தான் போவேன் என்றிருந்தாள். இன்று இரவுக்குள் அவள் பதில் அனுப்ப வேண்டும். தம்பிதுரைக்கு இப்படிப்பட்ட பேச்சு வாயில் வராது. எதையும் எழுதித்தான் பழக்கம். ‘போயிட்டு வா கண்ணு’ என்று காலையிலேயே எழுதி உறையில் போட்டுவிட்டார். ஆனால் ஒட்டவில்லை. ஒட்டாத வரைக்கும் மனதை மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?

“பிரபஞ்சம் சுருங்கும்னு நீங்க சொல்றதெல்லாம் பழைய கதைங்க மச்சான்,” என்றான் மோகன்குமார். “வெடிச்சுது, விரிஞ்சுது, விரிஞ்சுக்கிட்டே இருக்குது. கடைசில நட்சத்திரம் ஒவ்வொண்ணா அணைஞ்சு எல்லாம் குளிர்ந்து போயிரும்.”

“ஆரம்பம் ஒண்ணுதான்னு யாரு மாப்ளே கண்டா? விரிஞ்சது ஒருநாள் சுருங்கும். சுருங்கி, மறுக்கா விரியும்.” பத்தாவதோடு படிப்பை விட்டவர் தம்பிதுரை, அறிவியல் மாத இதழ்களுக்கு வரிசை எண் போட்டுக் கேள்வி எழுதி அனுப்புகிறவர். போனதெல்லாம் திரும்பி வந்து சேரும் என்கிற கணக்கு அவருக்குப் பிடித்திருந்தது.

“என்னைய அனுப்ப மனசில்லாம, அப்பா பிரபஞ்சத்தையே சுருக்கறாருங்க மாமா,” லோகப்பிரியா சிரித்தாள். “மூணாவது ஒண்ணு இருக்குதுங்க. விரியற வேகமே ஏறிக்கிட்டுப் போனா? மொதல்ல அண்டங்க பிரியும். அப்புறம் நட்சத்திரம். அப்புறம் ஊடு, வாசல், மனுசன், அணு. எல்லாமே கிழிஞ்சுரும்.”

“அதுக்குக் கோடானுகோடி வருசம் கெடக்குது அம்மணி,” என்றான் மோகன்குமார்.

“தேதி குறிச்சுப் பத்திரிகையா அடிச்சிருக்காங்க? விலகிப் போறதோட வெளிச்சம் செவந்து தெரியும். செவக்கறப்போ தெரிஞ்சுக்கலாம்.”

“முதல்ல தோசை செவந்திருக்குது, தின்னுங்க,” என்றாள் புவனா. அவளுடைய மயில்நீலச் சேலை வாசல் வெளிச்சத்தில் ஏனோ காவி படிந்தாற்போலத் தெரிந்தது.

அப்போதுதான் தறிச்சத்தம் மெலிந்தது.

ஒரேயடியாக நிற்கவில்லை. திருவிழா முடிந்து ஊரைவிட்டு நடக்கையில் மேளம் பின்தங்குமே, அப்படி. தறிக்காரன் காதுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். தம்பிதுரை எழுந்தார்.

“கரண்ட்ல ஒரு ஃபேஸ் போயிருச்சாட்டம் இருக்குது.”

“லைட்டு எரியுதுங்களே,” என்றாள் புவனா.

அதைக் காதில் வாங்காமல் மேஜையிலிருந்து கையை எடுத்தார். குடோன் கதவை நோக்கி நடந்தார். பக்கத்தில் இருக்கும் கதவுக்கு அன்றைக்கு நெடுநேரம் நடக்க வேண்டியிருந்தது. கதவைத் திறந்தார். தறிகள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. கரண்ட் போகவே இல்லை. கோடியில் வேலை பார்க்கும் பொன்னாத்தாள் ஒரு தெருவின் நீளத்துக்கு அப்பால் குனிந்திருந்தாள், விரல் உயரத்தில். அவள் தலைக்கு மேலிருந்த குழல்விளக்குகள் செம்பருத்தி நிறத்தில் எரிந்தன. சத்தம் இல்லை.

திரும்பினார்.

மேஜை கல்யாண மண்டபத்துப் பந்தி போல நீண்டு கிடந்தது. சன்னலும் மோகன்குமாரும் ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவன் எழுந்து நின்று எதையோ கத்தினான். அவனுக்குப் பின்னால் அந்திவெள்ளி இல்லை, தென்னை இல்லை, பக்கத்து வீட்டு விளக்கு இல்லை. பிறகு சன்னலும் இல்லை.

“ஏனுங்க…”

புவனாவின் குரல். கிணற்றின் ஆழத்திலிருந்து வருவதுபோல. வாசலில் செங்காவித் துணி ஒன்று அசைந்தது. சிறுத்தது. நெய் மணம் நின்றுபோனது.

தம்பிதுரை ஓடினார். தரையில் பதித்த கற்களுக்கு நடுவே கறுத்த இடுக்குகள் அகன்றுகொண்டிருந்தன. ஓட ஓட மகள் தள்ளிப்போனாள். அவள் நாற்காலியைவிட்டு எழவில்லை. மேஜை விளிம்பை இரு கைகளாலும் பற்றியிருந்தாள்.

குடோன் கதவோரம் நூல் சுற்றிய கோன்கள் அடுக்கியிருந்தன. திரும்பி ஓடி ஒன்றைப் பிடுங்கினார். நூல் முனையில் சாவிக்கொத்தைக் கட்டினார். இருந்த பலத்தையெல்லாம் கூட்டி வீசினார். அவள் இரு கையாலும் தாவிப் பிடித்தாள். நூலை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

கோன் அவர் காலடியில் சரசரவென்று அவிழத் தொடங்கியது.

அவள் உதடுகள் அசைந்தன. தறிச்சத்தத்தில் பழகிய வீட்டுக்காரர்களுக்குப் பேச்சைக் கேட்க வேண்டியதில்லை, உதடு போதும்.

*ஏனுங்கப்பா எந்திரிச்சீங்க?*

நூலை இழுத்துப் பார்த்தார். உள்ளங்கைத் தோல் அறுபட்டது. நூல் நிற்கவில்லை, அவரிடமிருந்து அவளிடம் போய்க்கொண்டே இருந்தது. கோன் இளைத்தது. உள்ளிருக்கும் அட்டை தெரிய ஆரம்பித்தது.

சட்டைப்பைக்குள் கை விட்டார். பை ஆழமாக இருந்தது. முழங்கை வரை போயிற்று. உறை விரலில் தட்டுப்பட்டது.

இனி மாற்ற ஒன்றுமில்லை. நாக்கால் நனைத்தார். பசையின் கசப்பு வெகுநேரம் கழித்துத் தெரிந்தது. மடிப்பை அழுத்தினார். ஒட்டினார். ஓடும் நூலில் உறையை வைத்து முடிச்சுப் போட்டார். முடிச்சுப் போட்ட விரல்கள் ஒன்றையொன்று தேடின.

விட்டார்.

உறை கிளம்பியது. வெள்ளையாக. பிறகு மஞ்சளாக. பிறகு அணையப்போகும் கங்கு போல.

வெற்று அட்டை ஒருமுறை சுழன்று சாய்ந்தது. நூலின் கடைசி முனை அவரைத் தாண்டிப் போனது. நூல் அறவில்லை. ஒவ்வொரு இடத்திலும் தன்னைவிட்டு விலகிப் புள்ளிபுள்ளியாய் நின்றது. புள்ளிகளின் நடுவே உறை. புள்ளிகளின் முடிவில், நகம் அளவு சிவப்பில், நீட்டிய கையோடு லோகப்பிரியா.

அவள் வாய் திறந்தது. *லெட்டரு இன்னும் வர…*

அங்கேயே நின்றது, மீதிச் சொல்லின் வெளிச்சம் இனி அவரை எட்டாது. மூடவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பாதிச் சொல்லில் திறந்த வாய், சிவந்து, இன்னும் சிவந்து, அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை நோக்கி, ஒட்டிய கடிதம் போய்க்கொண்டிருந்தது.