ராஜாவுக்கு வைத்த பொட்டு

மறுபூஜை முடித்துத் தகரப் பெட்டியைத் திறந்த அம்சவேணிக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. உள்ளே யாரோ குங்குமத்தோடு விளையாடியிருந்தார்கள்.

பழைய சாமான் கடையில் அவள் புருஷன் கலியாணசுந்தரம் ஆசைப்பட்டு வாங்கிய பெட்டி அது. ஏதோ சண்டையில் ஜெயித்த ஞாபகத்துக்குச் செய்தது போலிருக்கிறது. மூடியின் மேல் கிரீடம் வைத்த வெள்ளைக்கார ராஜா, ராணி. மூடியைத் திறந்தால் உட்புறம் முழுக்கத் தபால்தலை அளவுப் படங்கள்: பீரங்கி, செத்த குதிரை, வரிசை வரிசையாகச் சிப்பாய்கள். அதில் அவன் ஜரிகை நூல்கண்டும் கத்தரியும் போட்டு வைப்பான்.

நேற்று ஆயுத பூஜை. தறிக்கும் ஊடுநூல் ஓட்டும் நாடாவுக்கும் வைத்த கையோடு ராஜா, ராணி நெற்றியிலும் அவளே பொட்டு வைத்தாள். தறியில் இருப்பது கடைசிப் பாவு, இதற்குமேல் வேலை கிடையாது என்று முதலாளி கைவிரித்துவிட்டார். கலியாணசுந்தரம் பெட்டியை வைத்திருந்த பூஜைப் பலகை முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, "யாரா இருந்தாலும் சரி, எனக்கு வேல குடுங்க" என்று தேம்பினான்.

இப்போது ஒவ்வொரு சிப்பாயின் நெற்றியிலும் கடுகளவு சிவப்பு.

"ஏங்க, பொட்டிக்குள்ள நீங்களா பொட்டு வெச்சீங்க?"

"நீதான் வெச்சிருப்ப. பூஜைன்னா ஃபேனுக்கே வெக்கிறவளாச்சே!" உள்ளறைத் தறியிலிருந்து சிரித்தான்.

கற்பூரமும் பொரியும் மணக்க வேண்டிய பெட்டியிலிருந்து, கருகிய வெடிமருந்தும் ஈரச் சேறும் நாள்பட்ட இறைச்சியும் கலந்த நாற்றம் மெல்ல எழுந்து, மழை மூட்டத்தில் பகலிலேயே இருட்டிக்கிடந்த அந்த வீடு முழுக்கப் பரவியது. முந்தானையால் படங்களைத் துடைத்தாள். சிவப்பு போகவில்லை. விரலில் பிசுபிசுத்தது. குங்குமம் இல்லை அது.

கடைசி வரிசையின் ஓரத்தில் ஒருவன். தலைப்பாகை, கோட்டு, துப்பாக்கி எல்லாம் இருந்தன. முகம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் வெறும் தகரம்.

உள்ளே தறிச் சத்தம் மாறியது. ஒரு மனிதன் மிதிக்கிற சத்தம் இல்லை. கனமாக, ஒரே தாளத்தில், தரையே அதிர்ந்தது.

"கொஞ்சம் நிறுத்துங்க!"

"வேல நேரத்துல கூப்டாத." அவன் குரல்தான். சிரிப்பு மட்டும் இல்லை.

குனிந்து பார்த்தாள். தகரத்தில் மீசை முளைத்திருந்தது. கலியாணசுந்தரத்துக்கு இருப்பது போலவே பாதி நரைத்த மீசை. பிறகு மூக்கு. பிறகு அவளைப் பார்க்கும் கண்கள். நெற்றியில் மட்டும் இன்னும் பொட்டு இல்லை.

பெட்டியைத் தெருவில் வீசிவிட்டு உள்ளறைக்கு ஓடினாள்.

தறிக்குழியில் இடுப்புவரை இறங்கி, முதுகு விறைத்து உட்கார்ந்திருந்தான். துணியைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்து இழுத்தாள். சில்லென்றிருந்தது.

"எழுந்து வாய்யா! வேலயும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ இருந்தா போதும்யா!"

"வரிசைய வுட்டு வரக் கூடாது, அம்சா."

திரும்பவில்லை. மிதித்தான்.

காலையாவது பிடித்துத் தூக்கிவிடலாம் என்று குழிக்குள் குனிந்தாள்.

பூட்ஸ்கள். சேறு அப்பிய பூட்ஸ்கள். நெருக்கியடித்து நின்றன. எல்லாம் சேர்ந்து மிதித்தன. மேலே உடம்பு இல்லை.

அவன் காலைத் தேடினாள்.

அந்தக் குழிக்குள் வெறுங்கால் ஒன்றுகூட இல்லை.