சாவி கையில், என்ஜின் ஓட்டத்தில்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பழங்கார்ச் சங்கத்தின் நிரந்தரத் தலைவரும், ஓய்வுபெற்ற அறுவை சிகிச்சை நிபுணரும், எந்த மேடையிலும் மைக்கைத் தானாகக் கீழே வைத்தறியாதவருமான டாக்டர் அவர்கள், நேற்று மதியம் கொலை செய்யப்படவிருந்தார். மயிரிழையில் உலகம் தப்பியது.

இந்தச் செய்தியை அவரே ஒரு தனியார் துப்பறிவாளரிடம் நேரில் கொண்டுவந்திருந்தார். துப்பறிவாளர் கொடுத்த தண்ணீரில் பாதி அவர் சட்டையில்தான் போனது.

“என் தம்பிதான் சார். கூடப் பிறந்தவன். மாடியிலதான் இருக்கான். இன்னைக்குச் சாயங்காலம் போலீசுல புகார் கொடுக்கப்போறேன். அதுக்கு முன்னாடி எனக்கு ஆதாரம் வேணும்.”

“கொடுத்துடலாம் சார்!” என்றான் மச்சான். துப்பறிவாளரின் மனைவிக்குத் தம்பி. யாரும் கேட்காமலே உதவியாளனாகச் சேர்ந்தவன்.

“நீ உட்காருடா” என்றார் துப்பறிவாளர். “டாக்டர், நடந்ததைச் சொல்லுங்க.”

டாக்டரிடம் ஒரு பழைய கார் இருந்தது. அவருடைய திருமணத்தைவிட வயதில் மூத்தது. அதைவிட நன்றாகப் பராமரிக்கப்பட்டது. சமீபத்தில் என்ஜினுக்குத் தீப்பொறி கொடுக்கும் அதன் பழைய பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருந்தார். டேஷ்போர்டில் புதிதாக நான்கு வட்ட மீட்டர்கள்: ஆயில், சூடு, சார்ஜ், என்ஜின் வேகம். நேற்று அதைச் சங்கத்துக்கு ஓட்டிப்போய்க் காட்டிவிட்டு வந்து, ஷெட்டுக்குள் விட்டு, வழக்கம்போல ஷட்டரை இறக்கி, உள்ளே உட்கார்ந்து சற்று ரசித்துவிட்டுச் சாவியை உருவினார்.

“சாவி என் கையில இருக்கு. என்ஜின் ஓடுது. மறுபடி போட்டுத் திருப்பினேன், எடுத்தேன், நிக்கவே மாட்டேங்குது சார்! இருட்டுல அந்த நாலு மீட்டரும் என்னையே பார்க்குது. புகை மூக்கை அடைக்குது. இறங்கி ஓடினா, ஷட்டரைத் தூக்கக் கையில பலம் இல்ல. கத்தினேன். அவ்வளவுதான் தெரியும்.”

தம்பி ஓடிவந்து ஷட்டரைத் தூக்கி அண்ணனை வெளியே இழுத்துப்போட்டார். பிறகு காருக்குள் ஏறி அதை நிறுத்தினார்.

“அங்கதான் இருக்கு விஷயம்! என்னாலேயே முடியாததை அவன் எப்படி நிறுத்தினான்? அந்த வண்டியை நாலடி ஓட்டத் துப்பில்லாத பய. இவனே ஏதோ பண்ணிவெச்சிருக்கான்.”

“கேஸ் முடிஞ்சுது அத்தான்” என்றான் மச்சான்.

“சங்கத்துல என்ஜினை நிறுத்தினீங்களா டாக்டர்?” என்று கேட்டார் துப்பறிவாளர்.

“எதுக்கு நிறுத்தணும்? புது இக்னிஷன் எவ்வளவு சன்னமா ஓடுதுன்னு உறுப்பினர்கள் கேட்க வேணாமா? சுருக்கமா ரெண்டு வார்த்தை பேசினேன். அதுவரைக்கும் ஓடிச்சு.”

அந்த இரண்டு வார்த்தையில் பாதி டாங்க் பெட்ரோல் தீர்ந்திருந்தது.

அவர்கள் போனபோது ஷெட்டில் இன்னும் புகை வாடை அடித்தது. டாக்டர் வாசலைத் தாண்டவில்லை. கவிழ்த்த வாளியின் மேல் அவருடைய தம்பி, முழங்கால்கள் ஒட்ட, நரைத்த தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். இக்னிஷனை மாற்றிக்கொடுத்த மெக்கானிக் காரிலிருந்து தள்ளியே நின்றார்.

“நேத்தே வந்து பேட்டரி ஒயரைக் கழட்டிட்டேன் சார். அதுக்கு மேல கை வைக்க எனக்கே உதறுது.”

“உங்களுக்கு நேத்து வந்தப்புறம்தான் உதறிச்சு” என்றார் டாக்டரின் மனைவி. “எனக்கு நேத்து காலையிலேயே உதறிடுச்சு. அக்கம்பக்கத்தையெல்லாம் கூட்டிவந்து மீட்டரைக் காட்டுறார். வண்டியில ஆள் இல்ல, சாவி இவர் பாக்கெட்டுல. நாலும் பேய்முழி முழிக்குது.”

“முந்தின நாளும் அப்படி எரிஞ்சுதாம்மா?” என்றார் துப்பறிவாளர்.

“இல்லையே.”

“சம்பந்தமில்லாத பேச்சு” என்றார் டாக்டர்.

துப்பறிவாளர் சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பானெட்டைத் திறந்து பேட்டரி ஒயரை மாட்டினார். ஆளில்லாத காருக்குள் நான்கு வட்டங்களும் பச்சையாக ஒளிர்ந்தன. ஒரு முள் மெல்லத் துடித்தது. மச்சான் எப்போது தெருவுக்குப் போனான் என்று யாரும் பார்க்கவில்லை.

“அண்ணா, சத்தியமா நான் எதுவும் பண்ணல” என்றார் தம்பி. “என்னை ஜெயிலுக்கு அனுப்பிடாதே.”

துப்பறிவாளர் ஒயரைக் கழற்றிவிட்டு, டார்ச்சுடன் டேஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். வெளியே வந்தபோது சட்டை அழுக்காகியிருந்தது. முகம் தெளிவாக இருந்தது.

“மெக்கானிக், இக்னிஷனுக்கும் மீட்டருக்கும் ஒரே ஒயர்லதானே கரண்ட் கொடுத்தீங்க?”

“ஆமா சார். சாவியைத் திருப்பினா ரெண்டுக்கும் வரும். எடுத்தா ரெண்டும் செத்துடும்.”

“அந்த ஒயர்ல, பேட்டரியிலிருந்து நேரா இன்னொரு ஒயரை இழுத்துச் சேர்த்திருக்காங்க. மீட்டர் விளக்கு எந்நேரமும் எரியணும்னு ஆசை. மீட்டருக்கு வந்த கரண்ட் அதே வழியா இக்னிஷனுக்கும் போயிடுச்சு. அப்புறம் சாவி எங்க இருந்தா என்ன? சங்கத்துல என்ஜினை நிறுத்திப் பார்த்திருந்தா அங்கேயே தெரிஞ்சிருக்கும்.”

“யார் அத்தான் அந்த ஆள்?” தெருவிலிருந்து மச்சான்.

“மெக்கானிக் போட்ட இணைப்பெல்லாம் கறுப்பு டேப். இது ஒண்ணு மட்டும் காயத்துக்கு ஒட்டுற வெள்ளை பிளாஸ்டர். மேலே நூல் சுத்தி, முடிச்சுப் போட்டு, மிச்சத்தைக் கத்தரியால நறுக்கியிருக்கு. ஒயருக்கு ஆபரேஷன் பண்ணினது யாருன்னு நான் சொல்லணுமா டாக்டர்?”

டாக்டர் வாசலிலிருந்தே கழுத்தை நீட்டி டேஷ்போர்டுக்கு அடியில் எட்டிப்பார்த்தார். மனைவி அவரை வியப்புடன் பார்த்தார்.

“முடிச்சுல குறை இல்லையே?” என்றார் டாக்டர்.

மச்சான் மெல்ல உள்ளே வந்தான். “அப்ப இவருக்கு மட்டும் எப்படி நிறுத்தத் தெரிஞ்சுது?”

“அவருக்கும் தெரியாது. நீங்களே சொல்லுங்க சார்” என்றார் துப்பறிவாளர், தம்பியிடம்.

தம்பி காரைக் கைகாட்டினார். “வண்டியை வெளியே எடுத்துடலாம்னு ஏறினேன். கியர் போட்டுக் கிளட்சை விட்டேன். குலுங்கி நின்னுபோச்சு. நான் ஓட்டினா எப்பவும் அப்படித்தான் நிக்கும்.”

“ஆக, மூடின ஷெட்டுல ஆளைக் கொல்லக்கூடிய ஏற்பாட்டைச் செஞ்சது டாக்டர். அதை நிறுத்தினது தம்பி” என்றார் துப்பறிவாளர்.

தம்பி அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் இருந்த பயம் போகவில்லை. ஜெயிலிலிருந்து அண்ணன்மேல் இடம் மட்டும் மாறியது.

டாக்டர் அதைக் கவனிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தெருவைச் சபையாகப் பாவித்துத் திரும்பி நின்றார். “ஒரு மருத்துவனாக, ஒரு மூத்த சகோதரனாக, இந்தத் துயரமான வேளையில், என் தம்பியை நான் முழுமனதோடு மன்னிக்கிறேன். மன்னிப்பு என்பது என்ன? யோசித்துப் பார்த்தால்…”

யோசித்து முடித்து அவர் இரண்டு கைகளையும் விரித்துத் திரும்பியபோது, வாளி காலியாக இருந்தது.

“எங்கே அவன்?”

“நீங்க தொண்டையைச் செருமினப்பவே கிளம்பி, உங்களைத் தாண்டித்தான் போனார்” என்றார் மனைவி. “போலீசுக்கு. நீங்க ஒயரை மாத்திவெச்சுட்டு, அவரைக் கத்திக் கூப்பிட்டுப் புகையில கொல்லப் பார்த்தீங்களாம்.”

தம்பியின் புகார் பதிவானது.