தலைவர் தூங்குகிறார்

"ஐயய்யோ... தலைவர் உடம்பு ஜில்லுனு இருக்கு!"

பொருளாளர் எலிசபெத்தின் அலறலில் ஜோகுபாளையம் குடிமக்கள் மன்றம் மொத்தமும் விழித்துக்கொண்டது.

மேடையில் தலைவர் சீனிவாசராகவன். கழுத்தில் மாலை. மார்பில் சரிந்த தலை.

பிணம்!

ஏரிகளைக் காப்பது பற்றி அந்த மாதச் சொற்பொழிவு. தலைவர் மேடையில் தூங்குவது மன்றத்தின் வழக்கம், எழுப்பாமலிருப்பது மரியாதை. பேச்சாளர் ஒரு பிணத்தின் பக்கத்தில் நின்றே முழு உரையையும் முடித்திருந்தார்... கூட்டம் கைகூடத் தட்டியது!

செயலாளர் இராஜமாணிக்கம் மட்டும் அசையவில்லை. நிமிர்ந்த முதுகு. சலித்துப்போன கண்கள்.

மேஜைமேல் அவர் வீட்டு ஃபிளாஸ்க். காலி! தலைவர் கையருகே டம்ளர்.

காலையில் அந்த ஃபிளாஸ்கில் காபி போட்டு ஊற்றியது இராஜமாணிக்கத்தின் மகன் குணசேகர். அதுவரை அடுப்பு பற்றவைக்கக்கூடத் தெரியாதவன்!

போன மாதம் மேகதாது சுற்றுலாவில் அவன் குடித்துவிட்டு ஆடினான். பஸ் முழுக்கப் பார்க்க, தலைவர் அறைந்தார்.

'பழி தீர்த்துட்டியேடா பாவி...'

இராஜமாணிக்கம் வீட்டுப் பிள்ளை கொலைகாரன் என்று ஊர் பேசுவதா?

கூடாது!

*

பிரேதப் பரிசோதனை முடிந்ததும் ஸ்டேஷனிலிருந்து போன். இராஜமாணிக்கம் போனார். சாட்சி சொல்ல எலிசபெத்தும் வந்திருந்தாள்.

"குத்கொள்ளி சார்." இன்ஸ்பெக்டர் கிருஷ்ணப்பா கன்னடத்தில் உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார். "காபில தூக்க மாத்திரை. வீக் ஹார்ட்... தாங்கல. ஃபிளாஸ்க் உங்களுதுதானே?"

"ஆமா. கலந்ததும் நான்தான்."

"நீங்களா?!"

"தலைவர் பதவி மேல ஆசை."

"நாற்காலி வாடகைக்கு எடுத்து, கூட்டத்துக்கு ஆள் புடிக்கிற பதவி... அதுக்கா சார் கொலை?"

"எழுதிக்குங்க. எனக்கு அசதியா இருக்கு."

"பொய் சார்!" எலிசபெத் குதித்தெழுந்தாள். "தலைவருக்கு அந்தக் காபியக் குடுத்ததே நான்தான்!"

"ஏனம்மா, ஆளாளுக்கு ஒத்துக்கிறீங்க?"

"அப்படியில்ல சார்! அவருக்கு எப்பவும் ஹோட்டல் காபி, சக்கரை தூக்கலா. அன்னிக்குப் பாத்து, 'டாக்டர் நேத்துதான் சுகர்னுட்டாரும்மா, செயலாளரோட ஃபிளாஸ்க்லேர்ந்து ஊத்து'ன்னாரு. ஊத்தினேன். மொத்தமும் குடிச்சிட்டாரு. செயலாளர் அண்ணா அப்ப வாசல்ல பேச்சாளருக்காக நின்னுட்டிருந்தாரு. அவருக்கே தெரியாது!"

"அந்த ஃபிளாஸ்க்ல வழக்கமா யார் குடிப்பாங்க?"

"அண்ணா மட்டும்தான். சக்கரை இல்லாத காபி வேற யாருக்கு?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

இராஜமாணிக்கத்தின் முதுகு முதல் முறையாக வளைந்தது.

"உங்க மகன் உள்ளதான் இருக்கான் சார்." கிருஷ்ணப்பா குரலைத் தணித்தார். "காலைலயே ஒத்துக்கிட்டான். 'தலைவர் அடிச்சது வலிக்கல சார்... எங்கப்பாதான் மானம் போச்சுன்னு கத்தி, பஸ்ல எல்லார் முன்னாடியும் என்னை அவர் கால்ல விழ வெச்சாரு'ன்னு அழறான். மாத்திரை உங்களுக்கு வெச்சதாம்."

மின்விசிறி கிறீச்சிட்டது.

"அவனை நான்... காப்பாத்த வந்தேன் சார்."

"கொத்து... தெரியும் சார்."

எலிசபெத் தயங்கியபடி வாயைத் திறந்தாள்.

"அண்ணா... அடுத்த மாசம் நீங்க பேசறதா அச்சடிச்சிருக்கு. 'கூட்டுக் குடும்பத்தின் மேன்மை'... ரத்து பண்ணிடலாமா?"

இராஜமாணிக்கம் மேஜையைப் பிடித்து எழுந்தார். முதுகை மெல்ல நிமிர்த்தினார்.

"எதுக்கும்மா? பேச விஷயம் இல்லாம இத்தன நாள் திண்டாடிட்டிருந்தேன்... இப்பதானே கெடைச்சிருக்கு!"