உள்ளங்கை அளவு

காலையில் அவள்தான் முன்கண்ணாடியை ஓரம் விடாமல் சுரண்டினாள். கைப்பையை எடுக்க வீட்டுக்குள் போய்த் திரும்புவதற்குள் கண்ணாடி முழுக்க மறுபடி உறைபனி படிந்து வெளுத்துக் கிடந்தது, ஓட்டுகிறவர் கண்ணுக்கு நேராக உள்ளங்கை அளவு ஓட்டை ஒன்றைத் தவிர.

அதைப் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது. போன குளிர்காலத்தில் இதே அளவுக்குச் சுரண்டிவிட்டுத்தான் அவள் கணவன் வண்டியை எடுத்தான். பாலத்தின் மேல் பனி உருக உப்புத் தூவிக்கொண்டிருந்த சாலைத் தொழிலாளி, மஞ்சள் சட்டையோடு சக்கரத்தில் சிக்கிச் செத்துப்போனார். இன்று கோர்ட்டில் விசாரணை. அன்று கண்ணாடியை முழுசாகச் சுரண்டிக் கொடுத்தது தான்தான் என்று அவள் சாட்சி சொல்ல வேண்டுமாம். பல் துலக்கிக்கொண்டே, வாய் கூசாமல் கேட்டான்.

மறுபடி சுரண்டினாள். அவனுடைய உரிமத்தைப் பறித்துவிட்டதால் அவளே ஓட்டினாள். ஹீட்டர் முழு வேகத்தில் இரைந்தும் விரல்கள் விறைத்தன. காருக்குள் ஈர உப்பு நாற்றம் அடித்தது. வண்டியின் அடியில் யாரோ கைப்பிடி கைப்பிடியாக வீசுவதுபோல் உப்புப் பரல்கள் சிதறும் சத்தம் கூடவே வந்தது. கண்ணாடியின் ஓரங்களிலிருந்து வெள்ளை மெல்ல உள்ளே ஏறியது. வைப்பர் கறகறவென்று வீணாக ஓடியது. பாலத்துக்கு முன்னால் மிஞ்சியது அந்த ஓட்டை மட்டும்தான்.

ஓரங்கட்டி எச்சரிக்கை விளக்கைப் போட்டாள்.

"இறங்கிச் சுரண்டுங்க."

"அதான் ஓட்டை இருக்கே. மெதுவா போ, நேரமாச்சு."

"அன்னைக்கும் இதைத்தான் சொன்னீங்க. நான் பொய் சொல்ல மாட்டேன். இறங்குங்க."

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனான். இத்தனைக்குப் பிறகும் கூடுதலாக இரண்டு விரல் அகலம்தான் சுரண்டினான். போதும் என்று கண்ணாடியைத் தட்டினான். முழுசாக என்று சைகை காட்டக் கையைத் தூக்கினாள்.

ஓட்டை வழியே அவன் தோளுக்குப் பின்னால் மஞ்சள் தெரிந்தது.

ஒரு சட்டைக் கை. உப்பு அப்பிய கையுறை. அது அவன் மணிக்கட்டைப் பிடித்தது. சின்னப் பிள்ளைக்கு 'அ' எழுதப் பழக்குவதுபோல், நிதானமாக, அவன் கையை நகர்த்தியது.

கறக். கறக்.

ஓட்டை பெரிதானது. அவன் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. சுரண்டும் தகடு அவன் கையிலிருந்து எப்போதோ கீழே விழுந்துவிட்டது. நகங்கள்தான்.

ஹாரனை அழுத்தினாள். மஞ்சள் சட்டை திரும்பவில்லை. இன்னொரு கையை மட்டும் தூக்கி, சாலையில் வேலை நடக்கும்போது வண்டிகளை நிறுத்துவதுபோல், உள்ளங்கையை அவளுக்குக் காட்டியது.

ஹாரனிலிருந்து கையை எடுத்தாள்.

முன்கண்ணாடி முடிந்தது. ஒரு மூலைகூடப் பாக்கியில்லை. பக்கக் கண்ணாடிக்குப் போனார்கள். பிறகு பின்கண்ணாடி. வெளியே எல்லாம் துலக்கமாகத் தெரிந்தது. பனி துளியும் இல்லை.

மறுபடி முன்னால் வந்தார்கள்.

கறக். கறக்.